கிருமியைத் தின்னும் கிருமி: ஆக்ரா ஆற்றங்கரையிலிருந்து உணவுத் தொழிற்சாலை வரை



இந்த மாதம் நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே செய்தி நாலு தடவை சுற்றி வந்துவிட்டது. கங்கை நீரில் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் இருப்பதை 1896-லேயே ஒரு வெள்ளைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். அதே வைரஸைத்தான் இப்போது அமெரிக்காவில் இறைச்சிமேல் தெளித்துக் கெடாமல் வைக்கிறார்கள். ஆகவே கங்கை நீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம். இதுதான் செய்தி. "டீச்சர், இது நிஜமா?" என்று கேட்டவர்கள் மூன்று பேர். ஒரு வரியில் பதில் சொன்னால் பாதிதான் புரியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த வெள்ளைக்காரர் யார் என்று பார்ப்போம். எர்னஸ்ட் ஹான்பரி ஹாங்கின். 1892-ல் இந்தியாவுக்கு வந்து ஆக்ராவில் அரசாங்க இரசாயனப் பரிசோதகராகவும் பாக்டீரியா ஆய்வாளராகவும் வேலை பார்த்தவர். நம் ஊர்களில் வாந்திபேதி வந்த காலத்தில் கிணற்றில் ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிணறுகளுக்கு அந்த முறையை வலியுறுத்திப் பரப்பியவர்களில் இவரும் ஒருவர். கழுகு பறப்பதை மணிக்கணக்காகப் பார்த்து எழுதினார், முகலாயக் கட்டடங்களின் கோல வடிவங்களை ஆராய்ந்து எழுதினார். எதையும் உற்றுப் பார்க்கும் மனிதர்.

யமுனையிலும் கங்கையிலும் பிணங்கள் மிதக்கின்றன, சாக்கடை கலக்கிறது, லட்சக்கணக்கானோர் குளிக்கிறார்கள். அப்படியிருந்தும் அந்த நீரில் காலராக் கிருமி எதிர்பார்த்த அளவு இல்லையே, ஏன்? இதுதான் அவருடைய கேள்வி. ஆற்று நீரில் காலராக் கிருமியை விட்டுப் பார்த்தார். சில மணி நேரத்தில் கிருமிகள் செத்தன. கிணற்று நீரில் விட்டால் பெருகின. 1896-ல் இதைப் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தின் ஆய்விதழில் பிரெஞ்சு மொழியில் எழுதினார். அந்த ஆண்டு இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், 1897-ல் வந்த தன் பயண நூலில் இந்தச் சோதனையை வியந்து எழுதியதால் உலகமெல்லாம் பரவியது.

இதுவரை நம் செய்தியில் உள்ளது சரி. இனிமேல்தான் கவனம் வேண்டும்.

ஹாங்கின் வைரஸ் எதையும் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. ஆவியாகிப் போகக்கூடிய ஏதோ ஒரு பொருள் கிருமியைக் கொல்கிறது என்றுதான் நினைத்தார். காரணம், நீரைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விட்டது. காற்றுப் புகாமல் மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் குழாயில் சூடாக்கினால் போகவில்லை. இங்கே நிறுத்தி யோசியுங்கள். வைரஸாக இருந்தால் மூடிச் சூடாக்கினாலும் அழியத்தானே வேண்டும்? இந்தக் கேள்வியை எழுப்பி, ஹாங்கின் பார்த்தது பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் அல்ல என்று 2011-ல் ஓர் ஆய்வுக் குழு விரிவாக எழுதியது. நூறு வருடமாகப் புத்தகத்துக்குப் புத்தகம் மாறி வந்த ஒரு வரியை, மூலக் கட்டுரையை எடுத்துப் படித்த பிறகுதான் அவர்கள் சந்தேகித்தார்கள். பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்பதோடு நிற்காமல் அது எங்கிருந்து வந்தது என்று பார் என்று வகுப்பில் சொல்வேனே, அதுதான் இது.

அப்படியானால் அந்த வைரஸை உண்மையில் கண்டவர்கள் யார்? இரண்டு பேர். 1915-ல் லண்டனில் ஃபிரடெரிக் ட்வார்ட். தான் வளர்த்த பாக்டீரியாக் கூட்டத்தில் சில இடங்கள் கண்ணாடிபோல் கரைந்து தெளிவதைப் பார்த்து எழுதினார். போர்க்காலம், தொடர முடியவில்லை. இரண்டாமவர் பெலிக்ஸ் டெரல். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தவர். மருத்துவப் பட்டம் கிடையாது, பெரும்பாலும் தானாகக் கற்றவர். இரத்தபேதி வந்த படைவீரர்களின் மலத்தைக் கரைத்து, பாக்டீரியா புக முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்து, அந்தத் தெளிந்த நீரை இரத்தபேதிக் கிருமி வளரும் குழாயில் விட்டார். கலங்கலாக இருந்த குழாய் மறுநாள் தெளிந்துவிட்டது. அதிலிருந்து ஒரு சொட்டை அடுத்த குழாயில் விட்டால் அதுவும் தெளிந்தது. விஷப் பொருளாக இருந்தால் குழாய்க்குக் குழாய் நீர்த்துப்போகும். இதுவோ பெருகிக்கொண்டே போனது. ஆகவே இது உயிருள்ளது, பாக்டீரியாவைத் தின்று பெருகுகிறது என்று முடிவு செய்து, 1917 செப்டம்பரில் பாக்டீரியோபேஜ் என்று பெயர் வைத்து அறிவித்தார். பேஜ் என்றால் தின்பது. நாமும் சுருக்கமாகப் பேஜ் என்றே சொல்வோம்.

மேல்நிலை உயிரியல் புத்தகத்தில் பெரிய தலையும் கம்பி வாலும் சிலந்திக் கால்களுமாக ஒரு படம் இருக்குமே, அதுதான் பேஜ். அது பாக்டீரியாவின் மேல் கால் ஊன்றி நின்று, ஊசி போடுவதுபோல் தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தும். பாக்டீரியா தன் வேலையை விட்டுவிட்டுப் பேஜ்களைத் தயாரிக்கும் பட்டறையாக மாறிவிடும். பல பேஜ்களுக்கு அரை மணி நேரமே போதும். கடைசியில் ஒரு புரதம் உள்சவ்வில் ஓட்டை போடும். அந்த வழியே ஒரு நொதி வெளியேறிப் பாக்டீரியாவின் சுவரை அறுக்கும். உள்ளே அழுத்தம் அதிகமாதலால் சுவர் அறுந்ததும் பாக்டீரியா வெடித்துவிடும். டஜன் கணக்கிலோ நூற்றுக்கணக்கிலோ புதுப் பேஜ்கள் வெளியே வரும். சுவரை அறுக்கும் அந்த நொதியின் பெயர் எண்டோலைசின். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவேன்.

இனி கதை இந்தியாவுக்கு வருகிறது. 1927-ல் டெரல் நம் நாட்டுக்கு வந்தார். கல்கத்தா கேம்பெல் மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்குப் பேஜ் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். பஞ்சாப் கிராமங்களில் கிணற்றிலேயே பேஜை ஊற்றினார். நோய் சீக்கிரம் அடங்கியது என்றார். இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம், அதாவது இன்றைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முந்தைய வடிவம், பணம் ஒதுக்கியது. பாட்னாவில் இகோர் ஆஷெஷோவ் என்பவர் தலைமையில் ஆய்வு நடந்தது. அஸ்ஸாமில் ஷில்லாங் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த மோரிசன் பெரிய அளவில் ஒரு சோதனை செய்தார். நௌகாங் பகுதிக் கிராமங்களுக்குப் பேஜ் மருந்து வழங்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஹபிகஞ்ச் பகுதி வைக்கப்பட்டது. நௌகாங் இன்றைய அஸ்ஸாமின் நகாவோன். ஹபிகஞ்ச் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது.

நௌகாங்கில் காலரா குறைந்தது. அப்படியானால் பேஜ் ஜெயித்ததா? இங்கேதான் சிக்கல். காலரா ஒரு வருடம் பொங்கும், மறு வருடம் தானே அடங்கும். இரண்டு ஊரும் நிலம், நீர், மக்கள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்குமா? ஒரு ஊரில் குறைந்தது மருந்தாலா, மழையாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னொரு பக்கம், வாந்திபேதியில் பிள்ளைகள் சாகும்போது "நீங்கள் ஒப்பீட்டுக் கிராமம், உங்களுக்கு மருந்து கிடையாது" என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? அந்தக் கேள்விக்கு அன்றைக்கும் சுலபமான பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஒப்பிடாமல் உண்மை தெரியாது. ஒப்பிட்டால் ஒரு பக்கம் உயிர் போகலாம். 1936 வாக்கில் இந்த ஆய்வுகள் முடிவுக்கு வந்தன. அமெரிக்காவில் 1934-ல் மருத்துவச் சங்கத்துக்காக எழுதப்பட்ட ஓர் அறிக்கையும் பேஜ் மருத்துவத்துக்கு ஆதாரம் போதாது என்றது. பிறகு பெனிசிலின் வந்தது, பேஜ் பின்னுக்குப் போனது. சோவியத் நாட்டின் ஜார்ஜியாவில் தொடர்ந்தது. அங்கே டிபிலிசி நிறுவனத்தை உருவாக்கிய எலியாவா, டெரலின் நண்பர். 1937-ல் ஸ்டாலின் ஆட்சியில் அவர் கொல்லப்பட்டார். நிறுவனம் இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது.

காலராவுக்கு விடை வேறு இடத்தில் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1971-ல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த பொன்காவோன் முகாமில் மருத்துவர் திலீப் மகலனோபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு சுமார் 3.6 சதவீதமாகக் குறைந்தது. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த பொருள்!

சரி, இதற்கும் உணவு கெடுவதற்கும் என்ன சம்பந்தம்?

உடம்பில் தடுமாறிய பேஜ், முதலில் உணவுத் தொழிலில் எதிரியாகத்தான் அறிமுகமானது. நியூசிலாந்தில் பாலாடைக்கட்டித் தொழிற்சாலைகளில் பால் சில நாட்கள் சரியாகப் புளிக்காமல் போனது. 1935-ல் வைட்ஹெட், காக்ஸ் என்ற இருவர் காரணம் கண்டார்கள். பாலைப் புளிக்க வைக்கும் நல்ல பாக்டீரியாவைப் பேஜ் தின்றுவிடுகிறது. அன்று முதல் பெரிய பால் தொழிற்சாலைகள் உறைக் கிருமியை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. ஒரு வகையைத் தின்னும் பேஜ் மற்ற வகையைத் தொடாது என்பதால் இந்த உபாயம் பலிக்கிறது. 2007-ல் தயிர்க் கிருமிகள் பேஜை எதிர்க்கும் விதத்தை ஆராய்ந்தவர்கள் கிரிஸ்பர் என்பதன் வேலையை நிரூபித்தார்கள். அதிலிருந்து வளர்ந்த மரபணு வெட்டும் கருவிக்கு 2020-ல் இரண்டு பெண் விஞ்ஞானிகள் நோபல் பரிசு பெற்றார்கள். உறை மோரில் தொடங்கிய வேலை எங்கே போய் நின்றது பாருங்கள், பெண் பிள்ளைகளே!

எதிரியையே காவல்காரனாக்கினால் என்ன என்ற எண்ணம் மெல்ல வந்தது. இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். உணவைக் கெடுக்கும் கிருமி வேறு, உணவை விஷமாக்கும் கிருமி வேறு. முதல் வகை நாற்றம் அடிக்க வைக்கும், பாலைத் திரிக்கும், மீனை வழுவழுப்பாக்கும். மூக்கே சொல்லிவிடும், தூக்கிப் போட்டுவிடுவோம். இரண்டாவது வகை நிறம், மணம், ருசி எதையும் மாற்றாமல் இருக்கக்கூடும். அதில் மோசமான ஒன்று லிஸ்டீரியா. மற்றக் கிருமிகள் ஒடுங்கும் ஃபிரிட்ஜ் குளிரிலும் அது வளரும். கர்ப்பிணிகளையும் பச்சிளங் குழந்தைகளையும் முதியவர்களையும் தாக்கும். 2017-18-ல் தென்னாப்பிரிக்காவில் பதப்படுத்திய இறைச்சி மூலம் பரவி 1000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது, 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

2006 ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், லிஸ்டீரியாவைத் தின்னும் ஆறு பேஜ்களின் கலவையைச் சாப்பிடத் தயாரான இறைச்சிமேல் தெளிக்க அனுமதித்தது. பேஜ் ஒன்றை உணவில் சேர்க்கும் பொருளாக அங்கே ஏற்றது அதுவே முதல் தடவை. ஏன் ஆறு? ஒரே பேஜ் என்றால் தப்பிப் பிழைக்கும் பாக்டீரியா பெருகிவிடும். ஆறு பேரிடமும் ஒரே நேரத்தில் தப்புவது கஷ்டம். மனித உயிரணுவுக்குள் புகுந்து பெருக இந்தப் பேஜ்களால் முடியாது. நாம் குடிக்கும் நீரிலும் உண்ணும் காய்கறியிலும் நம் குடலிலும் பேஜ்கள் எப்போதும் இருக்கின்றன.

கெட்டுப்போகும் விஷயத்தில் பேஜுக்குத் தோல்வியும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தச் செய்தியைப் போலத்தான் ஆவேன். கனடாவில் கிரீர் என்ற ஆய்வாளர், மாட்டிறைச்சியைக் கெடுக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாமேல் பேஜை விட்டுப் பார்த்தார். தானே பூசிய பாக்டீரியாவை அது நன்றாகக் கொன்றது. கடை இறைச்சியில் இயல்பாக இருக்கும் பாக்டீரியாவில் எத்தனையோ வகை. பல பேஜ்களைக் கலந்து விட்டும் இறைச்சி கெடுவதைத் தடுக்க முடியவில்லை என்று 1990-ல் வெளிப்படையாக எழுதினார். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுதான் பேஜின் பலம், அதுவே அதன் பலவீனம். விஷமாக்குவது ஒரே கிருமி என்றால் சாவி பொருந்தும். கெடுப்பது நூறு கிருமி என்றால் எத்தனை சாவி செய்வது?

இங்கேதான் நான் ஞாபகம் வைக்கச் சொன்ன எண்டோலைசின் வருகிறது. பேஜையே விடுத்து, அதன் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? பேஜ் உள்ளிருந்து அறுக்கும் சுவரை வெளியிலிருந்தும் அறுக்கலாமே! 2001-ல் அமெரிக்காவில் ஃபிஷெட்டி குழுவினர், தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை இந்த நொதி சில விநாடிகளில் கொல்வதைக் காட்டினார்கள். லிஸ்டீரியா, ஸ்டேஃபிலோகாக்கஸ், குளோஸ்ட்ரிடியம் போன்றவற்றுக்குச் சுவர் வெளியே திறந்து இருப்பதால் கத்தி எட்டும். சால்மோனெல்லா, ஈ கோலை போன்றவற்றுக்குச் சுவருக்கு மேல் இன்னொரு சவ்வு போர்வைபோல் இருப்பதால் எட்டாது. போர்வையை விலக்க என்ன வழி என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் நம் வீட்டிலேயே உண்டு. முட்டையின் வெள்ளைக் கருவிலும் நம் கண்ணீரிலும் உள்ள லைசோசைம் என்ற நொதி. 1922-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டது. பெனிசிலினுக்கு ஆறு வருடம் முன்னால்! பாலாடைக்கட்டி உப்பி வெடிக்காமல் இருக்க முட்டையிலிருந்து எடுத்த லைசோசைமை வெளிநாடுகளில் வெகுகாலமாகச் சேர்க்கிறார்கள்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. இறால் குஞ்சுப் பண்ணைகளில் இருட்டில் ஒளிரும் விப்ரியோ ஹார்வேயி என்ற பாக்டீரியா வந்தால் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்துவிடும். ஆண்டிபயாடிக் கொட்டினால் அதன் மிச்சம் இறாலில் தங்கும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. மங்களூர் மீன்வளக் கல்லூரியில் இந்திராணி கருணாசாகர், இத்யா கருணாசாகர் ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும் அந்தக் கிருமியைத் தின்னும் பேஜைப் பிரித்தெடுத்துப் பண்ணைத் தொட்டியில் சோதித்தார்கள். ஆண்டிபயாடிக் போட்ட தொட்டியைவிடப் பேஜ் விட்ட தொட்டியில் அதிகக் குஞ்சுகள் பிழைத்தன. 2006, 2007-ல் கட்டுரைகளாக வந்தன. காலராக் கிருமியும் விப்ரியோ குடும்பம்தான். ஆற்றங்கரையில் தொடங்கிய கேள்வி, கடற்கரையில் வேறு உருவத்தில் பதில் பெற்றது.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். அரும்பாவூரிலும் சுற்றுப்பட்டிலும் மாடு வைத்திருக்கும் மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொன்ன நாள்வரை சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், வீட்டுக்கும் வேண்டாம். அந்தப் பாலில் தயிர் சரியாக உறையாது, ஏனென்றால் மருந்து நல்ல பாக்டீரியாவையும் கொல்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, மருந்துக்குப் பழகிய கிருமிகள் பெருகுவது. இன்று உலகம் மறுபடி பேஜைத் தேடுவதற்குக் காரணமே, ஆண்டிபயாடிக்கை நாம் அளவில்லாமல் வாரி இறைத்ததுதான்.

சின்ன வெங்காயப் பட்டறை போட்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "பேஜ் மருந்து, அழுகலே வராது" என்று நாளைக்கு யாராவது பாட்டிலோடு வந்து நின்றால், முதலில் எந்த அழுகலுக்கு என்று கேளுங்கள். பேஜ் தின்பது பாக்டீரியாவை மட்டும். பட்டறையில் கறுப்பாகப் பூக்கிறதே, அது பூஞ்சை. அதைப் பேஜ் தொடவே தொடாது. நன்றாகக் காயவைப்பது, அடியில் காற்றோட்டம் விடுவது, அடிபட்ட காயைப் பொறுக்கி எடுப்பது என்று உங்கள் அப்பா தாத்தா செய்ததற்கு மாற்று எதுவும் இன்னும் வரவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் மதிப்பெண். ஹாங்கின் சோதனை நடந்தது: சரி. அவர் கண்டது வைரஸ்: சந்தேகம். அமெரிக்காவில் இறைச்சிமேல் பேஜ் தெளிக்க அனுமதி: சரி, ஆனால் அது சோதித்துத் தேர்ந்த ஆறு பேஜ், ஒரே ஒரு கிருமிக்கு. ஆகவே ஆற்று நீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம்: முழுத் தப்பு. ஆற்றில் பேஜ் இருக்கும் இடத்தில் அது தின்னும் பாக்டீரியாவும் இருக்கும், இரை இல்லாமல் அது பெருகாது. மஞ்சள் காமாலை வைரஸைப் பேஜ் ஒன்றும் செய்யாது. கங்கைமேல் உங்களுக்குள்ள பக்தி உங்களுடையது, அதில் நான் தலையிடவில்லை. காசிக்குப் போகும் உறவுகள் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், குடிப்பதற்குக் காய்ச்சிய நீரை வைத்துக்கொள்ளுங்கள்.

பால் பண்ணை, மீன்வளம், ஆய்வகம் என்று இந்தத் துறைகளில் வேலை பார்க்கும் மாணவர்கள் யாராவது இருந்தால், உங்கள் அனுபவத்தைக் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். எல்லோரும் படித்துத் தெரிந்துகொள்வோம். பிள்ளைகள் பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்தால் அந்த வைரஸ் படத்தைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

எல்லோரும் நலமோடு இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
அரும்பாவூர்